மேசைமேல் ஏழு கடிதங்கள்

அழைப்பிதழ் வந்து பத்து நாளாகியும் அதை யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. டி.வி.யில் சாய்த்து வைத்தது வைத்தபடியே நின்றது. டி.வி. இருந்தது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியின் மேல். தப்பு தொடங்கியதும் அந்தப் பெட்டியில்தான்.

பெட்டியின் மூடியில் வெள்ளை பெயின்டில் ‘கேப்டன்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், சாமிக்கண்ணு கல்யாணம் முடித்து, பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கடலூர் முதுநகரில் வந்து இறங்கினார். தெரு அந்த எழுத்தைப் பார்த்தது. அவருடைய மீசையைப் பார்த்தது. இரண்டையும் சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் ‘மிலிட்டரி சாமிக்கண்ணு’.

அவர் ஓட்டியது அரசு பஸ். அது தெருவுக்கும் தெரியும். மிலிட்டரியை விட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்கு வந்தார் என்று தெருவே ஒரு கதை கட்டிக்கொண்டது. அவர் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. மீசையை மட்டும் ஒழுங்காக முறுக்கி வைத்துக்கொண்டார்.

பெட்டி அவர் மனைவி பிரிசில்லாவுடையது.

மகள் சுவேதாவுக்கு இருபத்தேழு வயது. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறாள். அம்மா ‘கொஞ்ச நாள் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்ஸ்’ என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. போன வாரம் அழைப்பிதழ் வந்த அன்றுதான் பெட்டியின் மேல்விரிப்பை விலக்கி, ‘கேப்டன்’ என்பதற்குப் பின்னால் யார் பெயர் இருக்கிறது என்று முதல் முறையாகப் படித்தாள்.

“எழுபத்தொண்ணுல போர்ல இருந்தியாம்மா?”

“போர்ல எங்க இருந்தேன்? வார்டுல இருந்தேன்” என்றாள் பிரிசில்லா. குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்.

“அப்புறம் ஏன் விட்டுட்ட?”

“கல்யாணம்னா வெளிய அனுப்பிடுவாங்க. அப்ப அதான் ரூல்.”

அழைப்பிதழில் ‘கேப்டன் சாமிக்கண்ணு (ஓய்வு) அவர்கள், குடும்பத்துடன்’ என்று அச்சடித்திருந்தது. போர் முடிந்து நாற்பது வருஷம். கடலூர் மாவட்டத்தில் அந்தப் போரில் இருந்தவர்கள் சிதம்பரத்தில் கூடுகிறார்கள். சங்கத்தின் செயலாளர் இந்த வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பெயர் சேகரித்திருக்கிறார். முதுநகர் டீக்கடையில் யாரோ கைகாட்டிவிட்டார்கள்.

“நான் வரல. நீங்களே போயி தப்பத் திருத்திட்டு வாங்க” என்று பிரிசில்லா பத்து நாளும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவேதா அம்மாவின் ஊதாக் கரை போட்ட வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைத்தாள். அவ்வளவுதான். பிரிசில்லா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் சாமிக்கண்ணு டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷம் ஓட்டிய ரோடு. சஃபாரி சூட் போட்டிருந்தார். அது அவருடைய தம்பி கல்யாணத்துக்குத் தைத்தது.

“பாரு பாப்பா, கியர மாத்தறான் பாரு. மாவு அரைக்கிறான்.”

சிப்காட் தாண்டியதும் ரசாயன நெடி குறைந்து, வயல் வந்தது. சம்பா கதிர் பிடித்து நின்றது. சுவேதா அப்பாவின் பக்கம் குனிந்தாள்.

“அப்பா, உன் பேரக் கூப்பிட்டா உண்மையச் சொல்லிடணும்.”

“சொல்லாம? அதுக்குத்தானே போறோம்.”

“சால்வை போடறதுக்கு முன்னாடி.”

“நீ இன்னா, அப்பன நம்ப மாட்டியா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லேப் மேனேஜரிடம் லீவு கேட்கவே சீட்டு எழுதி மேசையில் வைத்துவிட்டு வருகிறவள். இன்றைக்கு ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அத்தனை பேர் நடுவில், மைக்கில், அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டும். அதைத் தன் காதால் கேட்க வேண்டும்.

வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. விரல் மட்டும் மடியில் இருந்த கைப்பையின் வாரை நீவிக்கொண்டிருந்தது.

கல்யாண மண்டபம் தெற்கு வீதிக்குப் பக்கத்தில் இருந்தது. முந்தின முகூர்த்தத்தில் கட்டிய வாழைமரம் வாசலில் இன்னும் வாடிக்கொண்டிருந்தது. உள்ளே இருநூறு பேர் இருப்பார்கள். வேட்டி சட்டைமேல் மெடல் குத்தியவர்கள். பேன்ட்டும் தொப்பியுமாக நிமிர்ந்து நடக்கிறவர்கள். ஊன்றுகோலோடு வந்தவர்கள். ஒருத்தரையொருத்தர் அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஊர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “டேய் பெண்ணாடம்!” என்றார் ஒருவர். “இன்னும் சாகலியாடா நீ?” என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. உடனே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வரவேற்பு மேசையில் செயலாளர் சுப்பராயலுவே நின்றிருந்தார். எழுபது வயசு இருக்கும். ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்தவர். தலையில் பழைய கம்பளித் தொப்பி, கறுப்பு, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“கேப்டன் சார்! வாங்க சார். நம்ம மாவட்டத்துல ஆபீசர் ரேங்க்ல இருந்தவங்க ரொம்பக் கம்மி சார். உங்களுக்கு முன்வரிசை.”

சிவப்பு ரிப்பன் வைத்த பேட்ஜை அவரே சாமிக்கண்ணுவின் சஃபாரியில் குத்தினார். பிரிசில்லாவுக்கும் சுவேதாவுக்கும் மஞ்சள் பேட்ஜ். ‘குடும்பத்தினர்’ என்று போட்டிருந்தது.

“லேடீஸ் அந்தப் பக்கம்மா. காபி வரும்.”

சாமிக்கண்ணு வாயைத் திறந்தார். திரும்பி மகளைப் பார்த்தார். அதற்குள் இரண்டு பேர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற போக்கில் அவர் நடையே மாறிவிட்டதைச் சுவேதா பார்த்தாள்.

“உங்கப்பாவப் பாரு” என்றாள் பிரிசில்லா. கோபமில்லை. “லெஃப்ட் ரைட் போடறாரு.”

மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு நீள மேசை. வெள்ளைத் துணி விரித்து, மேலே கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அடியில் மெடல்கள், பழுப்பேறிய போட்டோக்கள், நடுவில் ஏழு கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே கம்ப்யூட்டரில் அடித்த சீட்டு ஒன்று: பெயர், ஊர், ‘வீரர் தம் கைப்பட எழுதியது’.

சுவேதாவுக்குப் பேச்சை விடப் படிப்பது சுலபம். ஓரத்திலிருந்து தொடங்கினாள்.

முதல் கடிதம் பெண்ணாடத்துக்காரருடையது. அடுத்தது புவனகிரி. மூன்றாவதைப் படிக்கும்போது அவள் நின்றாள். திரும்ப முதலாவதற்குப் போனாள்.

ஏழு கடிதங்களிலும் வலது மூலையில் தேதி இருந்தது. தேதிக்குக் கீழே நான்கு எண்கள். 1640. 0530. 2110.

நேரம்.

வீட்டுக் கடிதத்தில் யாரும் நேரம் போடுவதில்லை. சுவேதாவுக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் எல்லாவற்றுக்கும் நான்கு எண்ணில் நேரம் போடுவாள். காலண்டரில் பால் வந்ததற்கு 0600. மாத்திரை அட்டையில் 1330. மளிகைச் சீட்டில் கூட. சுவேதாவின் பள்ளிக்கூட நோட்டில் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பக்கத்திலும். ‘ஏம்மா இப்படி?’ என்று ஒருமுறை கேட்டதற்கு, ‘நேரம் எழுதலன்னா மருந்து குடுக்கலன்னு அர்த்தம்’ என்று பதில் வந்தது. சுவேதாவும் லேப் ரிஜிஸ்டரில் அப்படியே எழுதப் பழகிவிட்டாள்.

இப்போது எழுத்தைப் பார்த்தாள். ‘ழ’வின் வால் இறங்கி அடுத்த வரியைத் தொட்டது. ஏழிலும் தொட்டது.

ஏழு பெயர். ஏழு ஊர். ஒரே கை.

“அம்மா” என்றாள். போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

பிரிசில்லா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். முதல் கடிதத்தைப் பார்த்தவள் நிமிரவே இல்லை. மெதுவாக நகர்ந்து ஏழாவது வரைக்கும் போனாள்.

“நீதானே எழுதின?”

“சத்தம் போடாத.”

“ஏழுமா?”

“ஏழுன்னு யாரு சொன்னா?” பிரிசில்லா மூச்சு விட்டாள். “எண்ணல. வார்டுல தமிழ் எழுதத் தெரிஞ்சது நான் ஒருத்திதான். கையில அடிபட்டவங்க, கண்ணு கட்டுப் போட்டவங்க, படுத்தது படுத்தபடி இருக்கறவங்க. டூட்டி முடிஞ்சதும் ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காருவேன். ‘சிஸ்டர், எனக்கு ரெண்டு வரி’ம்பாங்க.”

“எல்லாத்துலயும் பிள்ளையார் சுழி போட்டிருக்க!”

“போடச் சொன்னா போடாம? ஒருத்தன் சுழி கோணலா இருக்குன்னு வேற பேப்பர்ல எழுதச் சொன்னான். ஒரு கால் இல்ல, அவனுக்கு இந்த வம்பு.”

சுவேதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அம்மா, இருபத்து நாலு வயசில், எங்கோ அசாம் பக்கத்தில் ஒரு வார்டில் உட்கார்ந்து சுழி சுழியாகப் போட்டிருக்கிறாள்.

“இத இவுங்ககிட்ட சொல்லணும்மா. கைப்பட எழுதினதுன்னு தப்பாப் போட்டிருக்காங்க.”

“சொல்லக் கூடாது.”

“ஏன்?”

“கை போச்சுன்னு வூட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. அவுங்களே எழுதற மாதிரிதான் எழுதினேன். நாப்பது வருஷமா இது அவுங்க கைன்னு நெனச்சு வெச்சிருக்கற வூட்டுல போயி, இது என் கைன்னு சொல்லவா?”

“ஆனா...”

“சுவேதா. ஒரு வார்த்தை பேசாத.”

அப்போதுதான் அந்தப் பெண்மணி வந்து நின்றாள். அறுபது வயசு. கழுத்தில் ஒரு பாசிமணி. கையில் சுருக்குப் பை. நான்காவது கடிதத்துக்கு மேல் கண்ணாடியில் விரலை வைத்தாள்.

“இது எங்க வூட்டுக்காரரு கடுதாசி. கீரப்பாளையம். சிப்பாய் கொளஞ்சி. என் பேரு ரத்தினம்மாள்.”

பிரிசில்லா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வூட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கும். வருஷத்துல ஒருநாள் இங்க கொண்டாருவேன். படிச்சீங்களா?”

“படிச்சேங்க” என்றாள் சுவேதா.

‘அன்புள்ள ரத்தினத்துக்கு. நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். காயம் சின்னது. பெண் பிறந்த சேதி கிடைத்தது. பேர் வைக்க அவசரப்பட வேண்டாம். நான் யோசித்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.’ தேதி 9.12.1971. நேரம் 1640.

“எழுத்து அழகா இருக்கில்ல?” என்றாள் ரத்தினம்மாள்.

“ஆமாங்க.”

“எல்லாரும் சொல்வாங்க. கொளஞ்சி கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு.” சொல்லிவிட்டு அவள் கண்ணாடியை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போனாள்.

சுவேதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை.

சொன்னால் அம்மாவுக்குப் பெயர் வரும். அந்தப் பெண்மணியிடமிருந்து கணவனின் கை போய்விடும். சுவேதா காலையிலிருந்து ஆசைப்பட்டதற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று நினைக்கவில்லை. பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேடையில் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராகப் போய் சால்வை வாங்கி, பெரிய ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருக்குக் கை உதறி பேனா நழுவியது. சுப்பராயலு அதைப் பிடித்துக் கொடுத்து, “மெதுவா, மெதுவா. எதிரி எவனும் வரல” என்றார். மண்டபம் சிரித்தது.

“அடுத்து, நம்ம எல்லாருக்கும் பெருமை. முதுநகரிலிருந்து வந்திருக்கும் கேப்டன் சாமிக்கண்ணு சார்!”

கைதட்டல் பலமாக விழுந்தது. சாமிக்கண்ணு எழுந்தார். சஃபாரியை இழுத்துவிட்டுக்கொண்டார். படியேறினார். மைக் அவருக்கு இரண்டடியில் இருந்தது. அவர் மைக்குக்குப் போகவில்லை. சுப்பராயலு சால்வையை விரித்தார். சாமிக்கண்ணுவின் தலை கொஞ்சம் குனிந்தது.

முப்பத்து மூன்று வருஷமாக ‘இல்லை’ என்று சொல்லாத மனுஷர்.

சுவேதா எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்பா! அது அம்மாவோடது!”

இருநூறு தலை திரும்பியது. காபி டம்ளர் வைத்த தட்டோடு ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. பக்கத்தில் பிரிசில்லா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

சாமிக்கண்ணு சால்வையைத் தோளில் விழாமல் கையால் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தார். பிறகு மைக்கிடம் போனார். அவர் குரல் பஸ் ஸ்டாண்டில் பழகிய குரல். மைக் வேண்டியதே இல்லை.

“பொண்ணு சொல்றது நெசங்க. நான் ஓட்டினது கவர்மெண்ட் பஸ். கடலூர்-சிதம்பரம், நாளுக்கு நாலு சிங்கிள், போக ரெண்டு வர ரெண்டு. ஒரு தோட்டாவக் கண்ணால பாத்ததில்ல. கேப்டன் எங்க வூட்டுல இருக்காங்க. முப்பத்து மூணு வருஷமா எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்காங்க. மிலிட்டரி நர்ஸ். எழுபத்தொண்ணுல லெப்டினன்ட், அப்புறம் கேப்டன். அவுங்க பொட்டிய நான் தூக்கிட்டு வந்தேன். ஊரு என்ன மிலிட்டரின்னுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, விட்டுட்டேன்.”

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

“பிரிசில்லா. எழுந்திரு.”

அவர் கீழே இறங்கி வந்து, தன் சட்டையிலிருந்த சிவப்பு பேட்ஜைக் கழற்றினார். பிரிசில்லாவின் மஞ்சள் பேட்ஜைத் தான் எடுத்துக் குத்திக்கொண்டார். சிவப்பை அவள் புடவையில் குத்தத் தெரியாமல் தடவினார். சுவேதா வாங்கிக் குத்திவிட்டாள்.

சுப்பராயலு மேடையில் அப்படியே நின்றிருந்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்தார். குதிகாலைச் சேர்த்தார். கை நெற்றிக்குப் போனது.

“ஜெய்ஹிந்த், மேடம்.”

நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் முதலில் ஓர் ஓரத்தில் கேட்டது. பிறகு மண்டபம் முழுக்கக் கேட்டது. எழுபது வயசு, எழுபத்தைந்து வயசு. முட்டி மடங்காதவர்கள் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஊன்றுகோல் வைத்திருந்தவர் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

சுவேதா தன் அம்மாவைப் பார்த்தாள். தினமும் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிற அம்மா. முதுகு நிமிர்ந்துவிட்டது. கை இரண்டும் புடவைக் கொசுவத்தை ஒட்டி நேராக இறங்கின. முகவாய் உயர்ந்தது. கை தூக்கிச் சல்யூட் அடிக்கவில்லை. தலையில் தொப்பி இல்லாமல் அடிக்கக் கூடாது. அது அவளுக்கு மறக்கவில்லை.

“ஜெய்ஹிந்த்” என்றாள். வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் கேட்கிற குரல். சுவேதா அந்தக் குரலை வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

மேடையில் சால்வையை வாங்கிக்கொண்டாள். பேசச் சொன்னார்கள்.

“எல்லாரும் எழுந்து நிக்கறீங்க. அன்னைக்கு எங்கிட்ட வந்தவங்க நிக்க முடியாம வந்தாங்க. நீங்க நிக்கறதப் பாத்துட்டேன். அது போதும். உக்காருங்க” என்றாள்.

கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் தேதி போட்டாள். இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். சாமிக்கண்ணு மஞ்சள் பேட்ஜோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நானே சொல்லத்தான் போனேன்” என்றார் மகளிடம்.

“சால்வை தோள்ல விழுந்தப்புறமா?”

“தொட்டுப் பாத்துட்டுத் தரலாம்னு இருந்தேன்டி.”

“அடுத்து, சிப்பாய் கொளஞ்சி அவர்களின் மனைவி ரத்தினம்மாள்.”

ரத்தினம்மாள் சால்வையை வாங்கிக்கொண்டு ரிஜிஸ்டரிடம் போனாள். பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. முந்தின வரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மை இன்னும் காயவில்லை.

சுவேதாவுக்கு அங்கிருந்தே புரிந்துவிட்டது. கையெழுத்து. தேதி. தேதிக்குக் கீழே நான்கு எண்கள். அம்மா வாயைத்தான் மூடி வைத்திருந்தாள். கை அதன் பழக்கத்தில் எழுதிவிட்டது. 1215.

ரத்தினம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். மேடையிலிருந்து இறங்கி நேராகப் பக்கவாட்டு மேசைக்குப் போனாள். கண்ணாடியை ஒரு பக்கம் தூக்கச் சொல்லி, நான்காவது கடிதத்தை எடுத்தாள். நடந்து வந்து முன்வரிசைக்கு எதிரில் நின்றாள்.

பிரிசில்லா எழுந்துவிட்டாள்.

“டைம் போட்டு எழுதுவீங்களா மேடம்?”

பிரிசில்லா அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

“இத எழுதினது நீங்கதானே?”

“ரத்தினம்மா...” என்றாள் பிரிசில்லா. “என்ன மன்னிச்சிடுங்க. அவருடைய கைன்னு நீங்க...”

“அவரு கையா?” ரத்தினம்மாள் மெல்லச் சிரித்தாள். “அவரு எழுதினா சேத்துல நண்டு ஓடின மாதிரி இருக்கும். கடுதாசி வந்த அன்னிக்கே தெரியும் எனக்கு. ஊரே முத்து முத்தா இருக்குன்னுச்சு. நானும் ஆமான்னேன். எழுதின ஆளு யாருன்னு தெரியாம வேற இன்னா சொல்றது? யாரோ கூட இருந்த தம்பின்னு நெனச்சேன். இங்க வருஷா வருஷம் கொண்டாந்து வெக்கறது எதுக்கு? எழுதின ஆளு வந்தா அடையாளம் சொல்லுவாருன்னுதான். பொம்பளையா இருக்கும்னு நெனக்கலக்கா.”

மேடம் அக்காவாகிவிட்டதைச் சுவேதா கவனித்தாள்.

“அவரு கை அப்ப இருந்துச்சா?”

பிரிசில்லா கொஞ்சம் தயங்கினாள். பிறகு நேராகப் பார்த்துச் சொன்னாள். “வலது கை இல்லம்மா. வயித்துலயும் காயம். ஆனா இத சொல்லும்போது சிரிச்சார். பொண்ணு பொறந்துச்சுன்னு வார்டு பூரா சொல்லச் சொன்னார். எல்லாக் கட்டில்லயும் போயி சொன்னேன்.”

ரத்தினம்மாள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுவேதா நாற்காலியை நகர்த்தி அவளை உட்கார வைத்தாள்.

“பேரு அடுத்த கடுதாசில எழுதறேன்னாரு. அது வரல. தந்திதான் வந்துச்சு. எங்க மாமனாரு மலர்க்கொடின்னு வெச்சாரு. அவரு யோசிச்சாராக்கா? பேரு ஏதாவது சொன்னாரா?”

பிரிசில்லா உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கடிதம் இருந்தது.

“அடுத்த கடிதமும் எழுதினோம். பன்னெண்டாம் தேதி காலைல. பேரு சொன்னார். அதுக்கப்புறம் ரெண்டு வரி சொன்னார். மூணாவது வரி பாதியில...” அவள் நிறுத்தினாள். “பாதிக் கடிதம் எங்கிட்ட நின்னுபோச்சு. நானா முடிச்சுப் போட்டா பொய்யாயிடும். முடிக்காம போட்டா, படிக்கறவங்க எப்படித் தாங்குவாங்க? உங்க அட்ரஸ் இருந்துச்சு. தைரியம் இல்ல.”

“இப்ப எங்க இருக்கு?”

“பெட்டியில. எங்க வூட்டுல.”

ரத்தினம்மாளின் முகம் மாறியது. “கடலூர்லேருந்து கீரப்பாளையம் எத்தினி தூரம்?”

பிரிசில்லா குனிந்துகொண்டாள்.

“அம்பது கிலோமீட்டர். ரெண்டு பஸ்” என்றார் சாமிக்கண்ணு. டிரைவர் வாய், தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ரெண்டு பஸ்” என்றாள் ரத்தினம்மாள். “முப்பத்து மூணு வருஷமா ரெண்டு பஸ்ஸு தூரத்துல இருந்திருக்கு.”

மேடையில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ கைதட்டினார்கள்.

பிரிசில்லா நிமிர்ந்தாள். “திட்டறதுன்னா திட்டுங்க. வாங்கிக்கறேன்.”

ரத்தினம்மாள் அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்த வலது கையைப் பார்த்தாள். அதை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். கண்ணாடிக்கு மேலே தடவிப் பழகியதை இப்போது நேராகத் தடவுகிற மாதிரி இருந்தது.

“திட்டல. அவரு கடைசியா பேசினத எழுதின கை.” குரல் உடைந்து சேர்ந்தது. “பேரச் சொல்லுங்கக்கா.”

“ஞாபகம் இருக்கு. ஆனா வாயால சொல்ல மாட்டேன். அவர் சொல்லி நான் எழுதினது, உங்களுக்கு எழுதினது. நீங்களே படிக்கணும்.”

“அப்ப எழுந்திரிங்க. இன்னிக்கே போவோம்.”

“சாப்பாடு போடப் போறாங்கம்மா” என்றார் சாமிக்கண்ணு.

“நாப்பது வருஷமா சாப்ட்டுக்கிட்டுதான் இருக்கேன். வாங்க.”

அவர் சட்டென்று எழுந்துகொண்டார். “ஒண்ணரைக்கு ஒரு வண்டி இருக்கு. நான் போயி எடம் பிடிக்கறேன்.” மஞ்சள் பேட்ஜோடு வாசலுக்கு விரைந்தார். இப்போது அவர் நடையில் லெஃப்ட் ரைட் இல்லை.

சுவேதா பக்கவாட்டு மேசைக்குப் போனாள். நான்காவது கடிதம் இருந்த இடம் காலியாக இருந்தது. சீட்டு மட்டும் கிடந்தது. ‘வீரர் தம் கைப்பட எழுதியது.’ பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். கீழே எழுதினாள்: ‘வீரர் சொல்ல, லெப்டினன்ட் பிரிசில்லா எழுதியது.’ மற்ற ஆறையும் தொடவில்லை. அவை அந்தந்த வீட்டுக்காரர்கள் கேட்டால் சொல்ல வேண்டியவை.

எழுதியதற்குப் பக்கத்தில் நேரம் போட்டாள். 1245.

வாசலில் ரத்தினம்மாள் சுருக்குப் பையிலிருந்து செல்போனை எடுத்திருந்தாள். எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கை பிரிசில்லாவின் கையை விடவில்லை.

“மலரு, நான்தான். வூட்டுக்கு வர நேரமாவும். கடலூர் போறேன்... ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் இருக்கேன். நீயும் பொறப்பட்டு முதுநகருக்கு வந்துடு. ஆமா, இன்னிக்கே. இன்னாத்துக்கா?”

அவள் பிரிசில்லாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்கப்பா உனக்குப் பேரு வெச்சிருக்காராம்.”